சபையை விட்டு வந்தால் தம்பியைப் பார்க்க முடியாதா?

கடலூரிலிருந்து ஒரு கடிதம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதினோரு பக்கம். குப்பம், சபை, கடை இவற்றின் பெயர்களை எடுத்துவிட்டு, எழுதியவரின் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. தேவனாம்பட்டினத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பம். 2004 சுனாமியில் ஐந்து வயதுத் தம்பி போய்விட்டான், இவருக்கு அப்போது எட்டு வயது. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்த அப்பா அதற்குப் பிறகு பகலிலும் குடித்தார், அம்மா யாரோடும் பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் ஒரு சின்னச் சபைக்காரர்கள் அரிசி, தார்ப்பாய், ஸ்கூல் பை எல்லாம் கொண்டுவந்தார்கள். நிவாரணம் கொடுத்த மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகும் அவர்கள் போகவில்லை. அம்மா முதலில் சேர்ந்தார், ஒரு வருடம் கழித்து அப்பா. அன்றைக்கு விட்ட குடியை அப்பா இன்றுவரை தொடவில்லை.

சபையில் நகை கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்கித் தின்னக் கூடாது. சண்டே ஸ்கூலில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்று, படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது, வீட்டில் ஒருத்தரும் இல்லை. எல்லோரையும் எடுத்துக்கொண்டு தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பாவாடையிலேயே சிறுநீர் போய்விட்டது. அம்மா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தார். இன்றைக்கும் பூட்டாத வீட்டுக்குள் நுழைந்தால் கை நடுங்குகிறது என்கிறார். பத்து வயதில் டீச்சரிடம் “என் தம்பி இப்ப எங்க இருக்கான்?” என்று கேட்டிருக்கிறார். “அப்ப உங்க வீட்ல யாரும் இரட்சிக்கப்படலையே” என்று மட்டும் பதில் வந்தது. ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் பாஸ்டர், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் இருந்தவர்களைக் கர்த்தர் காத்தார் என்று பிரசங்கம் செய்வார்.

இப்போது புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு வேலை. சம்பளம் 22,000, ஏடிஎம் கார்டு அப்பாவிடம், அதில் பத்தில் ஒரு பங்கு, 2,200, சபைக்குத் தசமபாகம். கடையில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, புருஷனைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், தினமும் தன் டிபன் பாக்ஸில் பாதியை இவருக்குப் பிரித்துக் கொடுப்பவர். “இந்த அக்கா நரகத்துக்குத்தான் போவாங்க என்று நான் நம்ப வேண்டும். எனக்கு முடியவில்லை, அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது” என்று எழுதியிருக்கிறார். அந்த அக்கா வாங்கித்தரும் அரை முழம் மல்லிகையை நாள் முழுக்கத் தலையில் வைத்திருந்து, சாயங்காலம் பஸ் ரெட்டிச்சாவடியைத் தாண்டுவதற்குள் கழற்றி ஜன்னல் வழியே போட்டுவிடுவார். போன மாதம் சபை விசுவாசி ஒருவர் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல் பிரசங்கம், நம் நடுவில் யேசபேலின் (பைபிளில் வரும் கெட்ட ராணி) ஆவி வந்திருக்கிறது என்று. பாட்டுக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு தீர்க்கதரிசனம்: வெளியூரில் ஊழியம் செய்யும் 38 வயதுக்காரரை இவர் கட்டிக்கொள்வது தேவ சித்தம்.

ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு அடைத்து எழுந்துகொள்கிறார். நாற்பது முறை மன்னிப்பு ஜெபம் சொல்ல வேண்டும், நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. “இப்படியே தூங்கி எழாமல் போனால் நல்லது” என்று சில நாள் தோன்றுகிறதாம். கேள்விகள் நிறைய: நான் செய்தது மன்னிக்கப்படாத பாவமா? நான் விலகினால் அப்பா மறுபடி குடிப்பாரா? கல்யாணத்தை மறுக்கலாமா? ஒரு தோழி தன் குருஜியின் சத்சங்கத்துக்குக் கூப்பிடுகிறாள், போகலாமா? சபை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடட்டுமா? “எனக்கு இன்னும் இயேசுவைப் பிடிக்கும் மேடம். அதுதான் ரொம்பக் குழப்பம்.”

இனி உங்களிடமே பேசுகிறேன். உங்களைச் சகோதரி என்று கூப்பிட மாட்டேன், அந்தச் சொல்லை நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுவது நியாயம்: நான் சம்பா கோவில் தெருவில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண், இப்போது வருடத்தில் நாலைந்து தடவைதான் பூசைக்குப் போகிறேன், அதனால் என் பதிலில் ஒரு பக்கச் சாய்வு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது தம்பிதான். அதை முதலில் பேசாமல் கல்யாணம், ஏடிஎம் கார்டு என்று போனால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

2005 ஜனவரியில் கடலூர் முகாம்களில் மனநல ஆலோசனைக்காகச் சில வாரம் உட்கார்ந்திருந்தேன், அப்போது படிப்பு முடித்து கொஞ்ச நாள்தான். என்னிடம் பேசிய ஒவ்வொரு அம்மாவும் ஏதோ ஒரு விதத்தில் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பியிருக்கலாம், மீன் வாங்க அனுப்பாமல் இருந்திருக்கலாம், கையை விட்டிருக்கக் கூடாது. துக்கம் அப்படித்தான், காரணம் கிடைக்காவிட்டால் தன் மேலேயே ஒரு காரணத்தை ஒட்டவைத்துக்கொள்ளும், ஏனென்றால் குற்ற உணர்வைக்கூடத் தாங்கிவிடலாம், அர்த்தமே இல்லாமல் போனான் என்பதைத் தாங்க முடியாது. உங்கள் அம்மா அப்பா அந்த நிலையில் இருந்தபோது ஒருவர் வந்து காரணம் சொன்னார். பாவம்தான் காரணம் என்றார், அதற்கு ஒரு பரிகாரமும் சொன்னார். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நடந்தது என்ன? அன்றைக்குக் காலை 6.29-க்கு சுமத்ரா பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் குப்பத்தில் யாருக்காவது ஒரு போன் வந்திருந்தால், ஒரு சைரன் இருந்திருந்தால், ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் வரைக்கும் நடந்தே போயிருக்கலாம். இந்தியாவில் அப்போது சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது, ஹைதராபாத்தில் அது ஆரம்பித்தது 2007-ல். அதே ஞாயிறு காலை வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸுக்கு ஜெபம் பண்ண வந்திருந்த யாத்ரீகர்கள் எத்தனையோ பேர் கடற்கரையில் செத்துப்போனார்கள். ஆராதனைக்கு வந்தவன் பிழைத்தான், வராதவன் போனான் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. (அவர்கள் விக்கிரக ஆராதனைக்காரர்கள், அதனால்தான் என்று உங்கள் பாஸ்டர் சொல்லக்கூடும். இந்தக் கணக்குக்கு எப்போதும் ஒரு விதிவிலக்கு தயாராக இருக்கும், கவனித்திருப்பீர்கள்.)

உங்கள் பைபிளிலேயே இதே கேள்வி வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். லூக்கா 13. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார், யோவான் 9. வசனத்தை வைத்து உங்களோடு வாதம் செய்ய எனக்கு ஆசை இல்லை. உங்களுக்கு இன்னும் பிடித்திருக்கிறது என்று சொல்கிற அந்த இயேசு, டிசம்பர் 26 பிரசங்கத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மட்டும் நீங்களே படித்துப் பாருங்கள்.

தம்பி எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதும் இல்லை. ஆனால் அந்த சண்டே ஸ்கூல் டீச்சர் உங்களிடம் சொன்னது, கண்டிப்பான சபைகளில்கூடப் பெரும்பாலானவர்கள் சொல்லாத ஒன்று. நல்லது கெட்டது பிரித்தறிகிற வயதுக்கு முன்னால் இறக்கும் பிள்ளைகள் கடவுளிடம்தான் போகிறார்கள் என்று பைபிளில் தாவீது ராஜாவின் இறந்துபோன குழந்தையின் கதையைக் காட்டி அவர்களே போதிப்பதுண்டு. எங்கள் பக்கமும் யோக்கியம் கிடையாது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு லிம்போ என்று ஓர் இடம் இருப்பதாக நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி எத்தனையோ தாய்களை அழவைத்திருக்கிறார்கள். 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்று எழுதியது. அத்தனை வருடம் கழித்து. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு டீச்சர் எடுத்தெறிந்து சொன்ன பதிலை நீங்கள் பத்தொன்பது வருடமாகக் கடவுளின் தீர்ப்பாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். முதலில் இறக்கிவைக்க வேண்டியது அதைத்தான்.

அது மன்னிக்கப்படாத பாவமா?

இல்லை. மன்னிப்பே இல்லை என்று சொல்லப்படுகிற, பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்ற வசனம் எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்று பாருங்கள். நோயாளிகள் குணமாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அது பிசாசின் வேலை என்று சொன்ன மதத் தலைவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்ட அக்காவை நரகத்துக்கு அனுப்ப மனம் வராத பெண்ணைப் பார்த்துச் சொன்னது இல்லை.

ஆனால் இதை நான் சொல்லி உங்களுக்கு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கும், ராத்திரி மூன்று மணிக்கு மறுபடி வந்துவிடும், இல்லையா? நாற்பது முறை, தவறினால் முதலிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பக்தி என்றோ பாவம் என்றோ பார்க்காமல் ஒரு மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயமாகப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்று சொல்வார்களே, அது சிலருக்குக் கை கழுவுவதாக வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதாக வரும், மதப்பற்றுள்ளவர்களுக்குப் பாவ பயமாக வரும். இதற்கு லத்தீனிலிருந்து வந்த பெயர், ஸ்க்ரூபுலஸ், அதற்குச் சின்னக் கூர்க்கல் என்று அர்த்தம், செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல் மாதிரி. மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வெளியே வந்ததும் ஒன்று விட்டுப்போயிற்றே என்று திரும்பி ஓடுவாராம். இயேசு சபையை ஆரம்பித்த இக்னேஷியஸ் இதே வேதனையில் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஒருவர் புரொட்டஸ்டண்டு, ஒருவர் கத்தோலிக்கர், கல் ஒன்றுதான். கடிதத்தை வைத்து உங்களுக்கு அதுதான் என்று நான் முத்திரை குத்த மாட்டேன், நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்வது தப்பு. ஆனால் அதுவாக இருந்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் உண்டு, அந்த நாற்பதைச் சொல்லாமல் பதற்றத்தோடு உட்கார்ந்து அது தானாக இறங்குவதைப் பார்க்கப் பழக்குகிற பயிற்சியும் உண்டு. புதுச்சேரியில்தானே வேலை, ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு ஒருநாள் காலை லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

தூங்கி எழாமல் போனால் நல்லது என்ற வரியை நான் தாண்டிப் போகவில்லை. அந்த நினைப்பு வருகிற ராத்திரி தனியாக இருக்காதீர்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பகலில் அந்த அக்காவிடம் இதைச் சொல்லிவையுங்கள். பூ வாங்கித் தருகிறவர் இதையும் தாங்குவார்.

குக்கர் விசில் கதைக்கும் ஒரு வார்த்தை. கட்டுப்பாடான மதச் சூழலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு இப்படி உடம்பே பயத்தை ஞாபகம் வைத்திருக்கும். மார்லின் வினெல் என்ற உளவியலாளர் 2011-ல் இதற்கு மத அதிர்ச்சி என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார், அது மருத்துவப் பட்டியலில் ஏறிய நோய்ப் பெயர் இல்லை, ஆனால் அவர் விவரிப்பதை என் அறையில் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்குக் காரணமான இரகசிய வருகையை நீங்கள் ஆதி சபையின் உபதேசம், இரண்டாயிரம் வருடமாக எல்லோரும் நம்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. விசுவாசிகளை மட்டும் திடீரென்று எடுத்துக்கொண்டு போவார் என்ற இந்த வடிவத்தை 1830-களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி, அயர்லாந்துச் சபையில் குருவாக இருந்து வெளியே வந்தவர். அது ஊர் ஊராகப் போனது 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு பைபிளின் அடிக்குறிப்புகளால். அடிப்படைவாதி என்ற சொல்லே 1920-ல் அமெரிக்காவில் பிறந்தது. உங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் அதைவிட வயசானது.

அப்பா மறுபடி குடிப்பாரா?

இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று. கடிதத்தின் பிற்பகுதியில் கோபம் ஏறி, அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள், அப்பா ஏமாளி என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள்: அவர்கள் அரிசி கொடுத்தார்கள், உங்களைப் பயமுறுத்தவும் செய்தார்கள். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடாது. உங்கள் அப்பா விட்டது சாதாரண விஷயம் இல்லை, ஒவ்வொரு சாயங்காலமும் போக ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், வராவிட்டால் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவர்கள், இதுதான் குடியை விட்டவர்களை நிறுத்திவைக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்கூட ஒரு கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து முளைத்து இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதனால் அப்பா சபைக்குப் போவதை நிறுத்த நீங்கள் முயற்சி செய்யாதீர்கள். அவருக்கு அது மருந்து, உங்களுக்கு அதே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்காக உங்கள் நம்பிக்கையை அவருடைய குடிக்கு அணையாகக் கட்டிவைக்கவும் முடியாது. அவர் குடியை விட்டது அவருடைய தைரியம். ஒருவேளை தொட்டுவிட்டால் அதற்கும் பொறுப்பு நீங்கள் இல்லை. “நீ பின்மாறினால் உங்கப்பன் சாட்சியே கெட்டுப்போகும்” என்று பாஸ்டரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் கழுத்தில் இப்படி ஒரு கல்லைக் கட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போடுவது வேண்டவே வேண்டாம். எழுதுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். அனுப்பிய அடுத்த நிமிடம் அது நூறு ஜெபக்குறிப்பாக மாறி உங்கள் அம்மா அப்பாவின் வாசலுக்குத்தான் போய் நிற்கும். விலகுவதற்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. செல் மீட்டிங்கை (வீடுகளில் கூடும் சின்ன ஜெபக் கூட்டம்) முதலில் விடுங்கள், இராமுழு ஜெபத்துக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அப்பாவிடம் பேசும்போது உபதேசத்தில் இறங்காதீர்கள். வசனத்துக்கு வசனம் போனால் அவர் பாஸ்டரைக் கூப்பிடுவார். “எனக்குத் தூக்கமே வரலப்பா, நெஞ்சு அடைக்குது, டாக்டரைப் பாக்கப் போறேன்” என்று ஆரம்பியுங்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னொரு பிள்ளை இப்படிச் சொன்னால் அவருக்குக் காதில் விழும்.

கல்யாணம், கையெழுத்து, ஏடிஎம் கார்டு

இதுதான் அவசரம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இவ்வளவு தெரியும். பதினெட்டு தாண்டிய உங்களுடைய சம்மதம் இல்லாமல் எந்தச் சட்டத்திலும் கல்யாணம் இல்லை, தீர்க்கதரிசனம் சம்மதத்துக்கு ஈடாகாது. “இப்ப சரின்னு சொல்லு, பிடிக்கலன்னா அப்புறம் பாத்துக்கலாம்” என்று அம்மா சொல்வதற்குத் தலையாட்டிவிடாதீர்கள், கிறிஸ்தவத் திருமணத்துக்கு விவாகரத்து 1869-ம் வருடத்துச் சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றம் வழியாக வர வேண்டும், வருடங்கள் போய்விடும். இப்போது ஒரு வார்த்தை சொல்வது சுலபம். “எனக்கு இஷ்டமில்லை” போதும், காரணம் கேட்டால் அதையே இன்னொரு தரம் சொல்லுங்கள்.

சபைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அதற்குச் சட்டத்தில் எந்த எடையும் கிடையாது. மனசாட்சிச் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு கொடுத்தது. சபையை விட்டு விலக விண்ணப்பம், அரசிதழ் எதுவும் வேண்டாம், நீங்கள் வேறு மதத்துக்கு மாறவும் இல்லை.

கார்டை முதலில் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் பாங்குக்குப் போய்ப் புதுக் கார்டு வாங்கலாம், அல்லது வேறு கணக்கு திறந்து கடையில் அந்த எண்ணைக் கொடுக்கலாம். வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கிறதைக் கொடுங்கள், 2,200-ஐ நிறுத்தலாமா என்பது உங்கள் முடிவு. அடி, பூட்டி வைப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது என்று போனால் 181-க்குக் கூப்பிடுங்கள். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் பிறந்த வீட்டுக்கும் பொருந்தும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் வரும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. இதையெல்லாம் நாளைக்கே அப்பா மேல் வீசச் சொல்லவில்லை. நம்பர் போனில் இருக்கட்டும். புதுச்சேரியில் பெண்கள் விடுதி ஏதாவது பார்த்து வைத்துக்கொள்வதும் தப்பில்லை, அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் எங்கே போவது?

குருஜியின் சத்சங்கத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் இப்போது எதிலும் சேராதீர்கள். ஒரு வருடமாவது. பெரிய வீட்டைக் காலி பண்ணிவிட்டு வருகிறவர்கள் முதலில் கிடைக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள், மூக்கு பழக்கமான வாசனையையே தேடும். ஒரு பாஸ்டருக்குப் பதில் ஒரு குருஜி, தீர்க்கதரிசனத்துக்குப் பதில் ஜாதகம் என்று ஆகிவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் அங்கே கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள், விலகிப்போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அது ஒன்றே பாதி சொல்லிவிடும்.

பயம் உங்கள் சபையின் தனிச்சொத்தும் இல்லை. உங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூரில் சமணராக இருந்த நாவுக்கரசரைச் சூலை நோய் கொடுத்து இறைவன் மீட்டான் என்ற கதையைச் சின்ன வயதில் கேட்டபோது எனக்கு வயிற்றைத்தான் கலக்கியது. ஆனால் அதே கதையில் திருவதிகையில் ஓர் அக்கா இருக்கிறார், திலகவதியார். வேறு மதத்துக்குப் போன தம்பியைத் தலைமுழுகாமல், வந்தபோது கதவைத் திறந்தவர். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அவரைத்தான்.

இயேசுவை இன்னும் பிடிக்கும் என்கிறீர்கள். பிடிக்கட்டுமே. அதை விட்டுவிட்டால்தான் நீங்கள் புத்திசாலி என்று தோழி சொல்வதும், விட்டால் நரகம் என்று பாஸ்டர் சொல்வதும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகமே கடலூரில்தான், சி.எஸ்.ஐ. இருக்கிறது, கத்தோலிக்கக் கோவில்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் போன் நம்பர் கொடுக்காமல் எழுந்து வரலாம். அங்கெல்லாம் பூ வைத்த பெண்களைப் பார்ப்பீர்கள். பழைய திருச்சபைகளில் சாதியும் சொத்துச் சண்டையும் இல்லாமல் இல்லை, சொர்க்கத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் சாந்திவனம் இருக்கிறது, 1950-ல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் ஆரம்பித்த ஆசிரமம். கிறிஸ்தவ வழிபாடுதான், தரையில் உட்கார்ந்து, பிற மத நூல்களையும் வாசித்து, நிறைய மௌனத்தோடு. மூன்று மணி நேரம் சத்தமாக ஜெபித்துப் பழகியவர்களுக்கு முதல் நாள் அந்த மௌனம் பயமாகக்கூட இருக்கும். வடலூருக்குப் போக உங்களுக்கு ஒரே பஸ். 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் எரிகிறது, வருகிறவரிடம் நீ இரட்சிக்கப்பட்டாயா என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். மதம் மாறச் சொல்லி அனுப்பவில்லை. போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எங்கேயும் போகாமல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவதும் ஒரு வழிதான், இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவைப்படலாம்.

பூ விஷயம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் முதல் சண்டையை அதில் ஆரம்பிக்க வேண்டாம், கல்யாணத்துக்கு முடியாது என்று சொல்வதற்குத் தெம்பை மிச்சம் வையுங்கள். ரெட்டிச்சாவடியில் கொஞ்ச நாள் கழற்றினால் அது பொய் வாழ்க்கை ஆகிவிடாது.

ஜிப்மர் போய்விட்டு வந்து, அப்பாவிடம் பேசிவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். பதினோரு பக்கத்திலும் தம்பி, தம்பி என்றே எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் அவன் பெயரையும் எழுதுங்கள். நான் வெளியிட மாட்டேன்.